புல்வெளி யாருடையது? கோல்ஃப் மன்றங்களின் வரலாறும் நம் நிலக் கேள்வியும்

(ரெட்டமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு – கள்ளக்குறிச்சி)



திவான் பகதூர் ரெட்டமலை சீனிவாசன் பெயரில் நடக்கும் சொற்பொழிவுக்கு இப்படி ஒரு தலைப்பா என்று அழைப்பிதழைப் பார்த்த பலரும் கேட்டார்கள். கள்ளக்குறிச்சியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கல்வராயன் மலையிலும் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறோம், அதுவும் சேனல் மாற்றும்போது. குழிப்பந்தாட்டம் என்று தமிழில் ஒரு பெயர் வைத்தும் அது நம் ஊருக்குள் வரவில்லை.

இருந்தும் இதைப் பேச இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, கோல்ஃப் அளவுக்கு நிலத்தை விழுங்கும் விளையாட்டு வேறெதுவும் இல்லை. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆகவே ஒரு கோல்ஃப் மன்றம் வளர்ந்த கதை, அந்த நிலம் கைமாறிய கதையும்தான். இரண்டாவது, சென்னை கிண்டியில் கோல்ஃப் ஆடப்பட்ட நிலமும் நம் கல்வராயன் மலையும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நீதிபதியின் முன் வந்தன. அந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படித்தால், இந்த மாநிலத்தில் நிலம் யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது, யாருக்கு எட்டாமல் போகிறது என்பது தெரிந்துவிடும்.

பொது மேய்ச்சல் வெளியிலிருந்து வேலி போட்ட மன்றத்துக்கு

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். கடற்கரையை ஒட்டிய மணல்மேட்டுப் புல்வெளியில்தான் அதை ஆடினார்கள். அது பயிர் விளையாத நிலம். ஆடு மாடு மேயும், முயல் ஓடும், ஊர்ப் பெண்கள் துணி வெளுத்துக் காயப்போடுவார்கள். நம் ஊரில் மந்தைவெளி என்போமே, ஏறக்குறைய அப்படி ஒரு பொது இடம். கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் இன்றைக்கும் பொதுச்சொத்துதான். 1974இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. அங்குள்ள மிகப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லின்மேல் உலாவுகிறார்கள்.

பிறந்த இடத்தில் இப்படிப் பொதுவெளியாக இருந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்தபோது முற்றிலும் வேறொன்றாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் 1829இல் கல்கத்தாவில் ஒரு கோல்ஃப் மன்றம் தொடங்கினார்கள். இன்றைய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் அதுதான். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழைய மன்றம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1842இல் பம்பாய். சென்னையில் 1884இல் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் பிறந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதன் உறுப்பினர்கள் கிண்டியில் கோல்ஃப் ஆடத் தொடங்கிவிட்டார்கள். கொடைக்கானலில் 1895. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் எனும் பரந்த புல்வெளி. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அதற்கு. நீலகிரியின் புல்வெளிகளில் அதற்கு முன்பு எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். அவர்களுக்கு அந்தப் புல்தான் வாழ்வு, வழிபாடு, உறவுமுறை எல்லாம். வெள்ளைக்காரருக்கு அதே புல் தம் ஊர் ஸ்காட்லாந்தை நினைவூட்டியது. இருவரில் யாருடைய நினைவுக்கு வேலி போட்டுப் பலகை வைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஆண்டுகளோடு நம் வரலாற்றின் ஆண்டுகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நீலகிரியில்தான் அயோத்திதாசப் பண்டிதர் தம் தொடக்ககாலப் பணிகளைச் செய்தார். அங்கேதான் அவருடைய மைத்துனரான ரெட்டமலை சீனிவாசனும் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். துரைமார் ஆட்டமும் குதிரையோட்டமுமாக இருந்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை தந்தார். குடியிருக்கும் குடிசையின் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, நிலம் தராமல் இவர்களை உயர்த்த முடியாது என்பதே அதன் சாரம். 1892இல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. 1893இல் சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார்.

ஆக, ஒரே பத்தாண்டில், ஒரே அரசாங்கம் இரண்டு விதமாக நிலம் ஒதுக்கியிருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஒதுக்கிய நிலம் நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. வாழ்வதற்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமோ, 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அந்த நிலமோ, கண்முன்னே கரைந்தது. பஞ்சமி நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் ஆதிக்க சாதியினர் கைக்குப் போனது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். காரணை என்ற ஊர்ப் பெயர் நம் இயக்கங்களின் நெஞ்சில் நிற்பது அதனால்தான்.

கிண்டியின் 614 ரூபாய்

இப்போது கிண்டிக்கு வருவோம். அங்கே 160.86 ஏக்கர் அரசு நிலம் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட வராது. அந்தக் குதிரைப் பந்தய வளையத்துக்குள் இருந்த வெளியில்தான் ஜிம்கானா உறுப்பினர்களின் கோல்ஃப் மைதானம். மேலே குதிரை ஓடும், உள்ளே பந்து உருளும்.

1945 செப்டம்பர் 18 அன்று ரெட்டமலை சீனிவாசன் மறைந்தார். ஐம்பதாண்டுக்கு மேல் எங்கள் மக்களுக்கு நிலம் கொடு, பள்ளி கொடு, தெருவில் நடக்க விடு என்று மனுப் போட்டுக்கொண்டே இருந்த ஒருவர் போன அதே ஆண்டுக்கணக்கில் இந்தக் குத்தகை தொடங்குகிறது. அது 2044 வரை போகவேண்டிய குத்தகை.

நாடு விடுதலை பெற்றது. ஜமீன் ஒழிப்பு வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஐந்து பேர் கொண்ட குடும்பம் 30 தர ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. 1970இல் அது 15 ஆனது. 2006இல் நிலமற்ற ஏழைகளுக்கு ஆளுக்கு 2 ஏக்கர் வரை தருவோம் என்று ஒரு திட்டம் வந்தது. கிண்டி நிலம் அந்தக் கணக்கில் 80 குடும்பங்களின் பங்கு. இத்தனை சட்டங்களும் வந்துபோகையில் 614 ரூபாய் மட்டும் அசையாமல் இருந்தது. அரசு வாடகையை உயர்த்தியபோது மன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், 1970 முதல் 2004 வரையிலான வாடகை நிலுவையாக 730.86 கோடி ரூபாயைச் செலுத்த வேண்டும், தவறினால் நிலத்தை மீட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாயிலுக்குச் சீல் வைத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தின் ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் வாடகை நிலுவைக்காக மீட்கப்பட்டது. கிண்டியில் 118 ஏக்கரைச் சுற்றுச்சூழல் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளநீரைத் தேக்கக் குளங்களும் வெட்டப்பட்டன.

இதை நாம் வரவேற்கிறோம். சென்னைக்குத் தண்ணீர் நிற்க இடம் வேண்டும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நீர்வழியை மறிக்கிறார்கள் என்று சொல்லிக் கூவம், அடையாறு ஓரத்துக் குடிசைகளை அகற்றினார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். பள்ளியில் தேர்வு நடக்கும் நேரம் என்றுகூடப் பாராமல் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஒண்டுக் குடிசைக்காரரை நகர்த்த ஒரு வாரம் போதும். வாடகை தராத மன்றத்தை நகர்த்த அரை நூற்றாண்டு ஆகிறது. சட்டம் இருவருக்கும் ஒன்று என்று புத்தகத்தில் படிக்கிறோம். அது நடந்துபோகும் வேகம் ஆளைப் பொறுத்திருக்கிறது.

வாசலில் நிற்கும் சாதி

மன்றத்துக்குள் யார் நுழையலாம் என்பது அடுத்த கேள்வி. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் இந்தியர்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1873இல் இந்தியப் பிரமுகர்களுக்கும் இடம் தரும் மன்றமாக காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது. பின்னாளில் அதற்கும் நந்தனத்தில் கோல்ஃப் மைதானம் அமைந்தது. வெள்ளைக்காரர் கதவை மூடினார் என்று வருந்தி இன்னொரு கட்டடம் கட்டியவர்கள், உயர்சாதி வழக்கறிஞர்கள், ஜமீன்தார்கள், அதிகாரிகள். நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட வலி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வலி சேரிப் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை.

எந்த மன்றத்தின் விதியிலும் சாதி என்ற சொல் இருக்காது. அதற்குத் தேவையும் இல்லை. ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், குழு ஏற்க வேண்டும். பழைய ஆங்கிலேய மன்றங்களில் பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பந்து விழுந்தால் விண்ணப்பம் தோற்றது. யார் போட்டார், ஏன் போட்டார் என்று கேட்க முடியாது. பிறகு பல ஆண்டுக் காத்திருப்புப் பட்டியல், லட்சக்கணக்கில் நுழைவுக் கட்டணம், உறுப்பினரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அப்பா இருந்தால் மகன் வருவான் என்பதைச் சமூகவியல் வகுப்பில் வேறு பெயர் சொல்லிப் படித்தோம். நம் ஊரில் அதற்குப் பெயர் பரம்பரை.

உடை இன்னொரு வேலி. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. இனி வேட்டியைக் காரணம் காட்டி மன்றங்கள் தடுக்க முடியாது. நல்ல சட்டம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நினைத்தால் ஒரே மாதத்தில் ஒரு வாசலைத் திறக்க முடியும் என்பதை அதிலிருந்து நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 2017இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், விருந்தினராக அழைக்கப்பட்டு வந்த ஒரு காசி பழங்குடிப் பெண்ணை, அவருடைய மரபு உடை வேலைக்காரியின் உடைபோல் இருக்கிறது என்று சொல்லி உணவு மேசையிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, கல்வராயன் மலையில் மலையாளிப் பெண்கள் சேலை கட்டும் முறைதான் நம் நினைவுக்கு வந்தது.

நம் தலைவர் சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நினைவிருக்கட்டும். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோர் தடையின்றிப் புழங்கலாம் என்று அது சொன்னது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை நாட்டுக்கே சட்டமாக்கியது. முழுதுமாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் வாசகத்தின் பொருள். எங்களுடையது தனியார் சங்கம், சங்கம் அமைக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று மன்றங்கள் பதில் சொல்லும். சங்கம் தனியாருடையது, சரி. சங்கம் உட்கார்ந்திருக்கும் நிலம் யாருடையது? ஏக்கர் நான்கு ரூபாய்க்குக் கொடுக்கப்படும் நிலம், மக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுக்கப்படும் மானியம் இல்லாமல் வேறென்ன? மானியம் வாங்குகிறவர் கணக்குக் காட்ட வேண்டும். ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்புக்கு நாம் விரல்ரேகை வைக்கிறோமே.

பையைச் சுமக்கிறவர்

மன்றங்களின் ஆண்டு மலர்களில் தலைவர்கள் படம் இருக்கும், கோப்பை வென்றவர் பட்டியல் இருக்கும், தங்க எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கும். பை சுமந்தவர் பெயர் இருக்காது. ஆட்டக்காரரின் கழிகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினெட்டுக் குழிக்கும் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து, பந்து விழுந்த இடம் தேடி, எந்தக் கழியால் அடிக்கலாம் என்று யோசனையும் சொல்கிறவருக்குக் கேடி என்று பெயர். பிரெஞ்சு மொழியில் உயர்குடி வீட்டு இளைய மகனைக் குறித்த சொல் அது. தமிழில் அதே ஒலிக்கு வேறு பொருள் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் கேடி லிஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறியவர் யார், ஏற்றியவர் யார் என்பதும் நமக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஊர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. வேலியின் உள்ளே கேடி, வெளியே வந்தாலும் கேடி.

நாட்டின் பல மைதானங்களில் கேடிகளுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மாதச் சம்பளம் இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை, மழை பெய்தால் வருமானம் இல்லை. புல் வெட்டுகிறவர், மருந்து தெளிக்கிறவர் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் புல்லுக்கு நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் போகும். அதைப் பாய்ச்சுகிறவர் வீட்டில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்திருப்பார்.

ஆனாலும் ஆட்டத்தைக் கற்றவர்கள் அவர்கள்தான். டெல்லி கோல்ஃப் கிளப்பின் உழைப்பாளர் உலகத்திலிருந்து வந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே கோப்பையை வென்றார். ராயல் கல்கத்தாவில் புல் பராமரித்தவரின் மகன் சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்றார். திறமை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். வாசல் திறக்கும்போதெல்லாம் வென்றிருக்கிறார்கள். வாசல்தான் அடிக்கடி திறப்பதில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையும் இதேதான். பந்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கும் மரக்குச்சிக்கு 1899இல் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். அந்தக் குச்சி இல்லாமல் இன்றைக்கு யாரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. ஆனால் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்ற விதி 1961 வரை இருந்தது. புகழ்பெற்ற அகஸ்டா மன்றத்தில் கறுப்பினத்தவர் பை சுமந்தார்கள். அவர்களில் ஒருவரை உறுப்பினராகச் சேர்க்க 1990 ஆக வேண்டியிருந்தது.

கோல்ஃப் உலகத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பதினெட்டுக் குழி முடிந்ததும் எல்லோரும் போகும் மதுக்கூடத்தைப் பத்தொன்பதாவது குழி என்பார்கள். குளிர்ந்த அறை, உரிமம் பெற்ற சரக்கு, பணியாளர், கணக்கில் எழுதிக்கொள்ளும் வசதி. இந்த வேடிக்கையைக் கேட்டு நம்மால் சிரிக்க முடியவில்லை. 2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சி நகரத்துக்கு நடுவில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். கூலி வேலைக்குப் போய்வந்து உடம்பு வலிக்குக் குடித்தவர்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டினோம். குடிப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒருவன் வாழ்ந்தாலும் குடித்தாலும் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை அவன் பிறந்த தெரு தீர்மானிக்கிறது என்கிறோம்.

மலைக்கு வந்த வழக்கு

அந்தச் சாவுகளுக்குப் பிறகு எல்லோரும் கல்வராயன் மலையைச் சாராய மலை என்று பேசினார்கள். அந்த மலையில் யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டது நீதிமன்றம். 2024 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன், சாதிச் சான்று என்று அரசிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கிண்டித் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி. ஓர் இடத்தில், கொடுத்த நிலத்துக்கு வாடகை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியிருந்தது. இன்னோர் இடத்தில், காலங்காலமாக இருக்கும் மக்களுக்கு அடிப்படை வசதிகூட ஏன் போய்ச்சேரவில்லை என்று கேட்க வேண்டியிருந்தது.

மலைவாழ் உறவுகளுக்கு இது தெரிந்த கதை; இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து, குடியரசாகி, நான்கைந்து பொதுத்தேர்தல் முடிந்த பிறகும் அந்த நிலை நீடித்தது. 1976இல்தான் ஜாகிர் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். அதுவரை மலையாளி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்தது, கடுக்காய் பொறுக்கியது, ஜாகிர்தாருக்கு உழைத்துக் கொடுத்தது எல்லாம் எந்த ஆவணத்திலும் உரிமையாக மாறவில்லை. ஜாகிர்தார் போனார், வனத்துறை வந்தது. நேற்றுவரை அவர் கேட்ட கேள்வியை இன்று இவர் கேட்கிறார்: உன் பட்டா எங்கே?

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் உழுதுவரும் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை தனியுரிமை, ஊருக்குச் சமூக உரிமை, முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. நல்ல சட்டந்தான். தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் ஒரு மலைகூட இல்லை. கல்வராயன் இல்லை, சேர்வராயன் இல்லை, கொல்லிமலை இல்லை, ஜவ்வாது இல்லை, பச்சைமலை இல்லை.

இங்கேதான் கோல்ஃப் கதை நமக்குத் தேவைப்படுகிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, கல்வராயன்மலை தனி வட்டமானது. சாலை மேம்படுகிறது, மேம்படத்தான் வேண்டும். கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் நிலை ஒழிய வேண்டும். வெள்ளிமலையில் கோடைவிழா நடக்கிறது, பெரியார் அருவிக்குக் கூட்டம் வருகிறது. ஏழைகளின் ஊட்டி என்று நம் மலையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஊட்டி எப்படி ஊட்டியானது என்பதைத்தான் இதுவரை பேசினோம். புல்வெளிக்குச் சொந்தக்காரன் வாயில்காப்போனாகிப் போனதும் அந்தக் கதையில் இருக்கிறது. முதலில் ஒரு சாலை, பிறகு ஒரு விடுதி, பிறகு ஒரு வேலி, அப்புறம் உள்ளூர்ப் பையனுக்குப் பை தூக்கும் வேலை. நாடெங்கும் 1991க்குப் பிறகு கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வில்லா கட்டி விற்கும் வியாபாரம் வளர்ந்திருக்கிறது. ராணுவ நிலத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானங்களுக்குச் சுற்றுச்சூழல் பூங்கா, பயிற்சி இடம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கணக்குத் தணிக்கை அதிகாரியே அதைக் கேள்வி கேட்டார். ஆகவே நல்ல பெயரோடு வருகிற எந்தத் திட்டத்தையும், நிலம் யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு, என்ன வாடகைக்கு என்று கேட்ட பிறகுதான் கைதட்ட வேண்டும்.

நம் கோரிக்கைகள்

பேச்சை முடிக்கும் முன்னால், இந்த அவை தீர்மானமாக ஏற்க வேண்டும் என்று நான்கு செய்திகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, தமிழ்நாட்டில் மன்றங்கள், பந்தய மைதானங்கள், கோல்ஃப் மைதானங்கள் ஆகியவற்றுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்ட அரசு நிலம் முழுவதற்கும் பரப்பு, வாடகை, நிலுவை, குத்தகை முடியும் ஆண்டு ஆகியவற்றோடு வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். அதே அறிக்கையில் பஞ்சமி நிலங்களின் இன்றைய நிலையும் மாவட்ட வாரியாக இருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் மக்கள் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கட்டும்.

இரண்டு, மீட்கப்படும் நகர நிலத்தில் பூங்காவும் குளமும் அமையும்போது, அருகிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் குடியிருப்பும் அமைய வேண்டும். காற்று வாங்க நிலம் உண்டு, படுக்க நிலம் இல்லை என்பது சமூகநீதி ஆகாது.

மூன்று, அரசு நிலத்தில் இயங்கும் மன்றங்கள் எல்லாவற்றிலும் கேடிகள் உட்பட அனைவரும் தொழிலாளர்களாகப் பதிவு செய்யப்பட்டு, வைப்புநிதியும் மருத்துவக் காப்பீடும் பெற வேண்டும். உறுப்பினர் சேர்க்கை முறையையும் வெளிப்படையாக்க வேண்டும். வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் போட முடிந்தவர்களால் இதற்கும் முடியும்.

நான்கு, கல்வராயன் மலையில் வன உரிமைச் சட்டப்படி தனியுரிமை, சமூக உரிமை விண்ணப்பங்களைக் கிராம சபைகளின் முடிவுப்படி தீர்த்து முடிக்க வேண்டும். அது முடியும்வரை மலையில் எந்தச் சுற்றுலா நிறுவனத்துக்கும் நிலம் கைமாறக் கூடாது. தமிழ்நாட்டு மலைகளை ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கச் சட்டமன்றம் பரிந்துரைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலையும் தருகிறோம். மன்றங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி அச்சிட்டுக்கொள்கின்றன. ஜாகிர்தார்களைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய மாவட்டக் கையேடுகள் நூலகத்தில் இருக்கின்றன. 1976க்கு முன்பு ஜாகிர் நிலத்தில் உழுதவர்கள் இன்னும் சிலர் மலையில் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். எந்தக் காட்டை எத்தனை தலைமுறையாக உழுதார்கள், எல்லைக்கல் எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியும் எழுதி வைக்கப்பட்டால் சான்றாக ஏற்கப்படும். ஆகவே நீங்கள் எழுதப்போவது இலக்கியமாக மட்டும் இருக்காது, ஆவணமாகவும் இருக்கும். இந்த மழைக்காலம் முடிந்ததும் முதல் குழு வெள்ளிமலைக்குப் புறப்படுகிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெளியே மேசையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.